நாய் பாஸ், நான் ஃபெயில்!

(பழைய மாணவர் சங்கக் கூடுகையில் பேசியதன் எழுத்து வடிவம். மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டபடி கொஞ்சம் திருத்தித் தந்திருக்கிறேன். கைதட்டல் வந்த இடங்களைக் குறிக்கவில்லை. குறிக்கும் அளவுக்கு இல்லை.)



ஒரு மாதத்துக்கு முன்னால் செயலாளர் அண்ணன் போன் செய்தார். "தம்பி, நீ அமெரிக்காவுல போலீஸுக்கும் ஃபயர் சர்வீஸுக்கும் சாஃப்ட்வேர் போடுறியாமே, அதப் பத்தி ஒரு அரை மணி நேரம் பேசேன்" என்றார். "அண்ணே, அதுக்குப் பதிலா நாயைப் பத்திப் பேசட்டுமா?" என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்தேன். பிறகு, "சரி, பேசு. ஆனா சுருக்கமா முடிச்சுரு" என்றார்.

என்னோடு படித்தவர்கள் இப்போதே சிரிக்கிறார்கள். காரணம் இருக்கிறது. எனக்கு நாய் என்றால் எவ்வளவு பயம் என்பது ஹாஸ்டலுக்கே தெரியும். எட்டு வயதில் தெரு நாய் ஒன்று என் கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. அந்தக் காலத்து வைத்தியம் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும்: தொப்புளைச் சுற்றி ஊசி. தினமும் காலையில் அப்பா சைக்கிளில் உட்காரவைத்து அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார். கடித்த வலி மறந்துவிட்டது. அந்த சைக்கிள் பயணங்கள் மறக்கவில்லை.

அப்படிப்பட்டவன் வந்து சேர்ந்த ஹாஸ்டலில் ஒரு நாய் இருந்தது. செம்பழுப்பு நிறம், ஒரு காது மடிந்திருக்கும். அதற்கு எங்கள் சீனியர்கள் வைத்த பெயர் 'அரியர்'. விட்டோம் என்று நினைத்தாலும் பின்னாலேயே வரும் என்பதால் அந்தப் பெயர். மெஸ்ஸுக்குப் போகும் வழியில் அரியர் படுத்திருந்தால் நான் கிரிக்கெட் மைதானத்தைச் சுற்றிக்கொண்டு போவேன்.

மூன்றாம் ஆண்டில் என் அறை நண்பன் ஒருவனுடைய அப்பா இறந்துபோனார். காரியங்கள் முடிந்து திரும்பி வந்தவன், மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. சாயங்காலமானால் மெஸ் படிக்கட்டில் போய் உட்கார்ந்துகொள்வான். அரியர் வந்து அவன் பாதத்தின் மேல் தலையை வைத்துப் படுத்துக்கொள்ளும். அவன் பக்கத்தில் போய் உட்காரவேண்டியவன் நான். ஆனால் நாய் இருக்கிறதே! பத்தடி தள்ளி, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். மூன்று நாளும் அப்படித்தான். பாட்டனி டிபார்ட்மென்ட் வாட்ச்மேன்கூடப் போய் அவன் தோளில் கை வைத்தார். நான் போகவில்லை. இதை இன்றைக்குத்தான் வெளியில் சொல்கிறேன். அவனும் இந்த அரங்கில்தான் இருக்கிறான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அமெரிக்காவில் போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் எல்லாவற்றுக்கும் ஒரே எண், 911. முதல் 911 அழைப்பு 1968-இல் அலபாமா மாநிலத்தின் ஹேலிவில் என்ற சிற்றூரில் நடந்தது. இங்கே நமக்கு 100, 108, இப்போது 112 இருப்பதுபோல. அழைப்பு வந்ததும் யார் எங்கே இருக்கிறார்கள், எந்த வண்டியை அனுப்புவது என்று திரையில் காட்டும் மென்பொருள்தான் எனக்குச் சோறு போடுகிறது. ஓஹியோ மாநிலத்தில் இருக்கிறேன். புதுப் பதிப்பு போடும்போதெல்லாம் அழைப்பு மையத்திலேயே இரண்டு மூன்று வாரம் உட்கார்ந்திருப்போம், பெரும்பாலும் ராத்திரியில்.

அங்கே உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். யாரோ ஒருவர் வீட்டில் மூச்சு நின்று கிடப்பார். போனில் இருப்பது அவர் மனைவி. இந்தப் பக்கம் ஹெட்செட் மாட்டிய பெண், "மார்பின் நடுவில் கை வையுங்க, அழுத்துங்க, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு" என்று எண்ணிக்கொண்டே இருப்பார். ஐந்து நிமிடம், எட்டு நிமிடம். ஆம்புலன்ஸ்காரர்கள் கதவைத் திறந்து உள்ளே வரும் சத்தம் கேட்கும். லைன் கட். அவ்வளவுதான். பிழைத்தாரா இல்லையா என்பது இவருக்குத் தெரியாது. அடுத்த அழைப்பு: பக்கத்து வீட்டில் பாட்டு சத்தம் அதிகம். அதற்கும் அதே குரலில் பதில் சொல்லவேண்டும். இந்த வேலையை அரசாங்கத்தின் தொழில் வகைப்பாட்டில், 2018 பதிப்பிலும்கூட, அலுவலக எழுத்தர் வேலைகளோடுதான் வைத்திருக்கிறார்கள். அதை மாற்றச் சொல்லி அவர்கள் பல வருடமாகக் கேட்கிறார்கள்.

சீருடைக்காரர்களின் கதையும் அதுதான். ரூடர்மன் குடும்ப அறக்கட்டளை 2018-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2017-இல் அமெரிக்காவில் பணியின்போது இறந்த போலீஸார் 129, தீயணைப்பு வீரர்கள் 93. அதே ஆண்டு தற்கொலை செய்துகொண்டவர்கள், தெரியவந்த அளவில், போலீஸார் 140, தீயணைப்பு வீரர்கள் 103. துப்பாக்கியும் தீயும் கொன்றதைவிட அதிகம். ஆலோசகரிடம் போ என்றால் போகமாட்டார்கள். போனால் துப்பாக்கியைப் பிடுங்கிவிடுவார்களோ, பதவி உயர்வு போய்விடுமோ என்ற பயம்.

ஒரு நாள் பின்னிரவில் நான் சர்வர் அறையிலிருந்து வெளியே வந்தேன். கூடத்தின் நடுவில் ஒரு பெரிய நாய் மல்லாந்து படுத்திருக்கிறது. ஆறடி உயரமுள்ள ஷெரிஃப் ஆபீஸர் ஒருவர் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து அதன் வயிற்றைச் சொறிந்துகொண்டே, பக்கத்திலிருந்த பெண்மணியிடம் எதையோ மெதுவாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் திரும்பவும் சர்வர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்! ஆனால் கதவில் கண்ணாடி இருந்தது. அரை மணி நேரம் அதன் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். மெஸ் படிக்கட்டு ஞாபகம் வந்தது.

இதற்கு அங்கே 'கம்ஃபர்ட் டாக்' என்று பெயர். நாம் ஆறுதல் நாய் என்று வைத்துக்கொள்ளலாம். மோப்பம் பிடிக்காது, திருடனைத் துரத்தாது. பக்கத்தில் இருக்கும், அவ்வளவுதான் அதன் வேலை.

இந்த வழக்கம் எப்படி வளர்ந்தது என்று தேடிப் பார்த்தேன். 1995-இல் ஓக்லஹோமா நகரக் குண்டுவெடிப்பு, 1998-இல் ஓரிகன் மாநிலம் ஸ்ப்ரிங்ஃபீல்டில் பள்ளித் துப்பாக்கிச்சூடு, 2001 செப்டம்பருக்குப் பிறகு நியூயார்க்கில் உறவினர்கள் காத்திருந்த 94-ஆம் எண் துறைமுக மேடை... எங்கெல்லாம் பெரிய துயரம் நடந்ததோ அங்கெல்லாம் யாரோ சிலர் தங்கள் நாய்களோடு போயிருக்கிறார்கள். போனபோதுதான் ஒன்று தெரிந்தது: ஆஸ்பத்திரி வார்டில் சாதுவாக இருக்கும் நாய், ஹெலிகாப்டர் சத்தமும் ஓலமும் கேட்கும் இடத்தில் அப்படியே இருக்கும் என்று சொல்லமுடியாது. அதனால் பேரிடர்ச் சூழலுக்கென்றே தனிப் பயிற்சி தரும் அமைப்புகள் தோன்றின. ஓரிகனில் 2001-இல் தொடங்கிய 'ஹோப்' அதில் ஒன்று. இல்லினாயில் லூத்தரன் தேவாலய அறநிறுவனம் ஒன்று 2008-இல் கோல்டன் ரெட்ரீவர் நாய்களோடு ஆரம்பித்தது. 2012-இல் கனெக்டிகட்டின் நியூடவுன் பள்ளிக் கொடுமைக்குப் பிறகு அந்த நாய்கள் அங்கே போயின. சியாட்டிலில் 2004-லேயே அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் எல்லி என்ற லாப்ரடார், சாட்சி சொல்ல வரும் குழந்தைகளுக்குத் துணையாக உட்கார்ந்தது. எஃப்.பி.ஐ.யில் வாலி, ஜியோ என்று இரண்டு லாப்ரடார்கள் பாதிக்கப்பட்டவர்களுக்கான பிரிவில் வேலை பார்த்தன. 2021 ஜனவரி 6 கலவரத்துக்குப் பிறகு வாஷிங்டனில் நாடாளுமன்றக் காவல் படை லைலா என்ற கறுப்பு லாப்ரடாரை வேலைக்கு எடுத்துக்கொண்டது.

இதில் இரண்டு ரகம் உண்டு. ஒன்று, காவல்துறையே சொந்தமாக வைத்திருக்கும் நாய். ஏறக்குறைய இரண்டு வருடம் பயிற்சி கொடுத்து ஒப்படைப்பார்கள். துறையில் வேலை பார்க்கும் ஒருவரே அதற்குப் பொறுப்பு. அவர் வீட்டில்தான் அது வசிக்கும். பார்வையற்றோருக்கு வழிகாட்டப் பழக்கி, அதில் தேறாத நாய்கள் சில இந்த வேலைக்கு வந்து நன்றாகப் பெயர் வாங்குவதும் உண்டு. மெக்கானிக்கல் படித்து பேங்க் வேலைக்குப் போன நம் நண்பர்கள் மாதிரி. இன்னொரு ரகம் என்னைப் போன்ற தொண்டர்கள். நம் வீட்டு நாய், நம் காசு, நம் பெட்ரோல். கூப்பிட்டால் போவோம்.

ஆமாம், வீட்டு நாய். அந்தக் கண்ணாடிக் கதவு சம்பவம் நடந்து ஆறு மாதம் கழித்து, என் மகளும் மனைவியும் சேர்ந்து நடத்திய போராட்டத்தில் நான் தோற்று, நாய்க் காப்பகத்திலிருந்து ஒரு லாப்ரடார் கலப்பு நாயைக் கொண்டுவந்தோம். முத்து என்று பெயர் வைத்தோம். ஊரிலிருந்து அம்மா வீடியோவில் பார்த்துவிட்டு, "நாயை வீட்டுக்குள்ளயாடா வச்சிருக்கீங்க? சாமி ரூம் எங்க இருக்கு?" என்று கேட்டார்கள். முதல் ஒரு மாதம் நான் சோபாவில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். முத்து என்னை அவசரப்படுத்தவில்லை. நானாகக் கையை நீட்டும் வரை இரண்டடி தள்ளியே படுத்திருந்தது. அதுதான் எனக்குக் கிடைத்த முதல் பயிற்சி.

இப்போது சான்றிதழ் விஷயம். இதில்தான் குழப்பம் அதிகம். ஊனமுற்றவருக்கு ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்யப் பழக்கிய நாய்க்கு அமெரிக்கச் சட்டம் கடை, ஓட்டல், பஸ் எங்கும் நுழைய உரிமை தருகிறது. அதற்குச் சான்றிதழ் காட்டச் சொல்லிக் கேட்கவும் கூடாது. ஆறுதல் நாய்க்கு அந்த உரிமை கிடையாது. அழைத்த இடத்துக்கு, அழைத்த நேரத்தில் மட்டுமே போகலாம். அப்படியென்றால் ஆறுதல் நாய்க்கு எதற்குச் சான்றிதழ்? நிறுவனங்களும் காப்பீட்டுக்காரர்களும் கேட்பதால். நாய் கடித்துவிட்டால் யார் பொறுப்பு என்று கவுன்ட்டியின் வக்கீல் முதலில் கேட்பார்.

இந்தக் குழப்பத்தில் மீன் பிடிப்பவர்களும் இருக்கிறார்கள். பணம் கட்டினால் அட்டை, கழுத்துப்பட்டை, மேல்சட்டை எல்லாம் தபாலில் வரும். ஒரு விளையாட்டுக்கு அப்படி ஓர் இணையதளத்தில் 'அரியர்' என்று பெயர் கொடுத்தேன். இனம்: கலப்பு. பயிற்சி: மெஸ் வாசல். ஒரு கேள்வியும் கேட்காமல் "வாழ்த்துகள், உங்கள் நாய் தகுதி பெற்றுவிட்டது" என்று பணம் கட்டும் பக்கத்துக்குக் கொண்டுபோனது. அரியர் செத்துப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. நம் கல்லூரி வரலாற்றில் ஒரே அட்டெம்ப்டில் பாஸான அரியர் அது ஒன்றுதான்!

நிஜமான பாதை அவ்வளவு சுலபம் இல்லை. அங்கே பலரும் முதல் படியாக எடுத்துக்கொள்வது அமெரிக்கக் கென்னல் கிளப் 1989-இல் தொடங்கிய 'நல்ல குடிமகன்' தேர்வு. நாய்க்குத்தான்! பத்துப் பகுதிகள். அந்நியர் வந்து கை குலுக்கினால் பேசாமல் இருக்கவேண்டும், கூட்டத்துக்குள் நடக்கவேண்டும், இன்னொரு நாயைப் பார்த்துப் பாயக்கூடாது, பாத்திரம் விழுந்தால் மிரண்டு ஓடக்கூடாது, இப்படி. தின்பண்டம் காட்டி ஏமாற்ற முடியாது. உறுமினால் அந்த நிமிடமே வெளியே. பத்தாவது பகுதி: நாயை வேறொருவர் கையில் கொடுத்துவிட்டு நாம் மூன்று நிமிடம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடவேண்டும். முத்து நாற்பது விநாடிதான் தாங்கியது. அதற்குப் பிறகு அது போட்ட சத்தம் வண்டி நிறுத்துமிடம் வரை கேட்டது. ஃபெயில். வீட்டில் மனைவி கையில் வாரைக் கொடுத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் ஐந்து விநாடி, பத்து விநாடி, அரை நிமிடம் என்று இரண்டு மாதம் பழக்கினோம். கட்டளையெல்லாம் தமிழில்தான். "உக்காரு", "படு", "விடு". தேர்வாளர்கள் ஆட்சேபிக்கவில்லை.

இரண்டாவது தேர்வுதான் நான் சொல்லவந்தது. சிகிச்சை நாய்களைப் பதிவு செய்யும் தேசிய அமைப்புகள் பல இருக்கின்றன. 1977-இல் தொடங்கிய 'பெட் பார்ட்னர்ஸ்' அதில் பெரியது. அவர்கள் விதிப்படி நாய்க்கு ஒரு வயதாவது ஆகியிருக்கவேண்டும், நம்மோடு ஆறு மாதமாவது வாழ்ந்திருக்கவேண்டும், ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மறுதேர்வு. சங்கத்துக்குச் சங்கம் விதி கொஞ்சம் மாறும். ஆனால் பொதுவாக ஒன்று உண்டு: பதிவு நாய்க்கு இல்லை, ஜோடிக்கு. முத்துவும் நானும் ஒரு ஜோடி. முத்துவும் என் மனைவியும் போகவேண்டுமானால் அவர் தனியாகத் தேர்வு எழுதவேண்டும்.

எங்களுக்குத் தேர்வாளராக வந்தவர் ஓய்வுபெற்ற ஒரு நர்ஸ் அம்மா. முதலில் ஒருவர் தள்ளாடிக்கொண்டே கையை ஆட்டி வந்தார். முத்து அசையவில்லை. பிறகு இரண்டு பேர் பெரிய குரலில் சண்டை போட்டார்கள். அசையவில்லை. பின்னாலிருந்து ஒருவர் இடித்துக்கொண்டு போனார். திரும்பிப் பார்த்தது, அவ்வளவுதான். கடைசியில் மூன்று பேர் சூழ்ந்துகொண்டு தடவ, ஒருவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு இறுக்கினார். முத்து முகத்தைத் திருப்பியது, மூக்கை நக்கிக்கொண்டது, ஒரு கொட்டாவி விட்டது, ஆனால் நின்ற இடத்திலேயே நின்றது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. தேர்வாளரைப் பார்த்து ஒரு புன்னகை வேறு.

தாளில் "இன்னும் தயாராகவில்லை" என்று எழுதிக் கொடுத்தார்.

"எதில் தப்பு?" என்றேன். "நாய் எதிலும் தப்புச் செய்யவில்லை. நீங்கள்தான் ஃபெயில்" என்றார். "போதும் என்று அவன் உங்களிடம் மூன்று தடவை சொன்னான். முகத்தைத் திருப்பினான், நக்கினான், தூக்கம் வராமலே கொட்டாவி விட்டான். நீங்கள் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். கட்டிப்பிடித்தவரைத் தடுக்கவேண்டியது உங்கள் வேலை."

வண்டியில் வந்து உட்கார்ந்து யோசித்தேன். நாம் எலக்ட்ரானிக்ஸ் படித்தவர்கள். ஒரு டிரான்சிஸ்டர் எவ்வளவு மின்சாரம் தாங்கும் என்று அட்டவணையில் போட்டிருப்பார்கள். அந்த அளவு முழுவதையும் யாரும் ஓட்டுவதில்லை. சூடு ஏற ஏற குறைத்துக்கொண்டே வருவோம். டீரேட்டிங் என்று லேபில் எங்களை நிற்கவைத்துக் கேட்ட கேள்வி! நாய் எவ்வளவு தாங்கும் என்று பார்க்கத்தான் தேர்வு என்று நான் நினைத்திருந்தேன். அவர்கள் பார்த்தது, சூடேறுவதை நான் கவனிக்கிறேனா என்பதை. நாய் கடிப்பது திடீரென்று நடப்பதில்லை. அதற்கு முன்னால் பத்துத் தடவை சொல்லியிருக்கும். எட்டு வயதில் என்னைக் கவ்விய நாயும் சொல்லியிருக்கும். சாப்பிட்டுக்கொண்டிருந்த அதன் பக்கத்தில் பந்தை எடுக்கப் போனவன் நான்.

மூன்று மாதம் கழித்து மறுபடி போனோம். அதே நபர், அதே கழுத்துப் பிடி. நான் நடுவில் புகுந்து, "கொஞ்சம் விடுங்க, அவனுக்குப் பிடிக்கல, முதுகில தடவிக் கொடுங்க" என்றேன். பாஸ்.

பேரிடர்ப் பணிக்குப் போகவேண்டுமானால் இன்னும் இருக்கிறது. சாதாரண வருகைகளில் அனுபவம் வேண்டும், மனநல முதலுதவிப் பயிற்சி வேண்டும், அவசரகால நிர்வாக அமைப்பு பற்றி அரசாங்கம் இணையத்தில் இலவசமாக நடத்தும் பாடங்களை முடிக்கவேண்டும். யார் யாருக்குக் கட்டுப்பட்டவர், எங்கே போய்ப் பெயர் பதிவது என்பதெல்லாம் அதில் வரும். அதில் அடித்துச் சொல்லும் விதி: கூப்பிடாமல் போகாதே. டி.வி.யில் பார்த்துவிட்டு நாயைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடக்கூடாது.

அழைப்பு மையத்துக்கு முதலில் நாய் இல்லாமல் நான் மட்டும் போனேன். அந்த இடத்தைப் பல வருடமாகத் தெரியும் என்று நினைத்திருந்தேன். நாய்க் கண்ணால் பார்த்தால் வேறு இடம்! சக்கர நாற்காலிகள் கிறுகிறுவென்று பின்னால் உருளும். வால் மாட்டினால் போச்சு. மேஜைகள் மோட்டாரில் ஏறி இறங்கும். மேஜைக்கடியில் ரேடியோவுக்குக் கால் பெடல். தீயணைப்பு நிலையத்துக்கு எச்சரிக்கை ஒலி போகும்போது கூடமே கீச்சிடும். அந்த ஒலியைப் பதிவு செய்து வந்து வீட்டில் மெதுவான சத்தத்திலிருந்து ஆரம்பித்துப் பழக்கினோம். என் மகள் அதைத் தன் போனில் அலாரமாக வைத்துக்கொண்டது தனிக்கதை. தீயணைப்பு நிலையத்தில் வேறு சிக்கல்: முகமூடி மாட்டிய ஆள் மூச்சு விடும் சத்தம் நாய்க்குப் பேய் மாதிரி. காவல் நிலையத்தில், திருடன் பிடிக்கும் நாயும் ஆறுதல் நாயும் எதிரெதிரே வராமல் நேரம் குறித்துக்கொள்ளவேண்டும்.

அலர்ஜி உள்ளவர் யார், பயப்படுபவர் யார் என்றும் முன்பே கேட்டுக்கொள்வோம். பயம் என்று யாரும் வாயால் சொல்வதில்லை. ஆனால் நாற்காலியில் ஒரு பெண் காலை மடக்கி மேலே வைத்திருந்தார். எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அந்த சோபா எனக்குத் தெரியுமே! அவர் பக்கமே போகாமல் கூடத்தின் மறுகோடியைச் சுற்றிப் போனேன். இந்தத் துறையில் என் பழைய பயம்தான் எனக்கு இருக்கும் கூடுதல் தகுதி.

ஒரு ராத்திரி ஒன்பது மணிக்கு அங்கிருந்து அழைப்பு வந்தது. என்ன நடந்தது என்று நான் சொல்லமாட்டேன். அது அவர்களுடைய கதை. கேட்டதை வெளியே சொல்வதில்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறோம். எனக்குத் தெரிந்த வரையில் சொல்கிறேன். ஒரு பெண் ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டுத் தரையில், மேஜையில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். வாரைத் தளர்த்தினேன். முத்து போய்ப் பக்கத்தில் படுத்தது. அவர் கை அதன் காதின் மேல். பத்துப் பதினைந்து நிமிடம் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. என்னையும் சேர்த்துத்தான், ஆறுதல் சொல்லத் துடிக்கும் நாக்கை அடக்குவதுதான் இந்த வேலையிலேயே சிரமம். பிறகு அவர், "நீங்க அவன்கிட்ட என்னமோ சொல்றீங்களே, உக்காரு, அது என்ன பாஷை?" என்று கேட்டார். சொன்னேன். இப்போது அந்த மையத்தில் எல்லோரும் "ஊக்காரூ" என்கிறார்கள். முத்துவும் புரிந்துகொண்டு உட்காருகிறது.

அன்று அடுத்து இரண்டு பேர் வந்தார்கள். மூன்றாவது ஆள் குனிந்தபோது முத்து முகத்தைத் திருப்பி ஒரு கொட்டாவி விட்டது. மணியைப் பார்த்தேன். முப்பத்தைந்து நிமிடம்தான். மேற்பார்வையாளர், "இன்னும் ரெண்டு பேர் ஷிஃப்ட் முடிச்சு வர்றாங்க, அவங்களுக்குத்தான் ரொம்பத் தேவை, பத்து நிமிஷம்" என்றார். முடியாது என்றேன். அவர் முகம் வாடியது. எனக்கும் குறுகிப்போய்விட்டது. வாடிக்கையாளரிடம் முடியாது என்று சொல்லிப் பழக்கமே இல்லாத தொழில் நம்முடையது. வெளியே வந்ததும் முத்து, மழையில் நனைந்ததுபோல் உடம்பை உதறியது, வண்டியில் ஏறியதும் தூங்கிவிட்டது. அந்த இரண்டு பேருக்கு மறுநாள் வேறொரு ஜோடியை ஏற்பாடு செய்தோம். அன்றைக்கே கிடைத்திருக்கவேண்டியது அவர்களுக்கு அன்றைக்குக் கிடைக்கவில்லை என்பதும் உண்மைதான். அந்த நர்ஸ் அம்மா ஏன் என்னை ஃபெயிலாக்கினார் என்பது அந்த வாசலில் நிற்கும்போதுதான் முழுதாகப் புரிந்தது.

எனக்கு ஒரு மனக்குறையும் உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன். சில இடங்களில் நாய் வந்த பிறகு, "எங்கள் ஊழியர் நலத்துக்கு நாய் இருக்கிறதே" என்று மற்றதை மறந்துவிடுகிறார்கள். ஆள் பற்றாக்குறையால் பன்னிரண்டு, பதினாறு மணி நேர ஷிஃப்ட் அப்படியே இருக்கும். செய்தித்தாளில் நாயின் படம் மட்டும் வரும். இன்னும் நாலு பேரை வேலைக்கு எடுப்பதைவிட நாய் மலிவு! நாய் ஒருவரைப் பேச வைக்கும், கேட்பதற்குப் பயிற்சி பெற்ற மனிதர் பக்கத்தில் இல்லையென்றால் அந்தப் பேச்சு அந்தரத்தில் போகும்.

மாணவத் தம்பிகளுக்காக ஒன்று. வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 249 மாணவர்களை வைத்து நடத்தி 2019-இல் வெளியிட்ட ஆய்வு, பத்து நிமிடம் நாய் பூனைகளைத் தடவிக் கொடுத்தவர்களின் எச்சிலில் கார்டிசால் என்னும் அழுத்த ஹார்மோன் குறைந்ததைக் காட்டியது. தேர்வு நேரத்தில் நாய்களை வரவழைக்கும் கல்லூரிகள் அங்கே நிறைய. இதைக் கேட்டுவிட்டு நாளைக்கே ஹாஸ்டல் நாயைக் கட்டிப்பிடிக்கக் கிளம்பிவிடாதீர்கள். முதலில் அதற்குத் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று வார்டனிடம் கேளுங்கள். போடவில்லையென்றால் பணம் வசூல் செய்து போடுங்கள், என் பங்கு நூறு டாலர், செயலாளர் அண்ணனிடம் கொடுத்துவிட்டேன். கடித்துவிட்டால் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இப்போது ஊசி தொப்புளில் இல்லை, கையில்தான். நாலைந்தோடு முடிந்துவிடும்.

முத்துவுக்கு இப்போது வயது ஒன்பதைத் தாண்டிவிட்டது. முகம் வெளுத்துவிட்டது. அடுத்த மறுதேர்வு மார்ச்சில். முத்து தேறிவிடும் என்று எனக்குத் தெரியும். ஆனால் போன மாதம் வழக்கமாகப் போகும் தீயணைப்பு நிலையத்தில், வண்டியிலிருந்து இறங்குவதற்கு முன் ஒரு நொடி தயங்கியது. இத்தனை வருடத்தில் அப்படித் தயங்கியதில்லை. விமானம் ஏறுவதற்கு முந்தின நாள், மார்ச் தேர்வுக்கு எங்கள் பெயரை எடுத்துவிடுங்கள் என்று எழுதிப் போட்டுவிட்டேன். அழைப்பு மையத்தில் ஒரு சின்ன வழியனுப்பு விழா வைக்கிறார்களாம். கேக் முத்துவுக்குக் கிடையாது.

நேரம் ஆகிவிட்டது, அண்ணன் கடிகாரத்தைக் காட்டுகிறார். அந்த அறை நண்பன் நாலாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். டேய், சாப்பிட்டுவிட்டு மெஸ் படிக்கட்டுக்கு வா, இன்னும் அப்படியேதான் இருக்கிறது, காலையில் பார்த்தேன்.